சாவி பஸ்ஸில் வரும்

தேன் புல்வெளியிலிருந்து உயர்காட்டுக்கு
வியாழக்கிழமை மட்டும் ஒரு சின்ன பஸ்.
பலகையின் மேல்வரியில் ஐரிஷ் அப்படித்தான் சொல்கிறது.
கீழ்வரியில் ஆங்கிலம்: குளோன்மெல், ஃபெதர்ட்.
வெறும் சத்தம்.

ஏறிய ஒன்பது பேரில்
பயணச்சீட்டு வாங்கியவள் நான் ஒருத்தி.
மற்றவர்களுக்கு வயது போதும், இலவச அட்டை உண்டு.
சன்னலுக்கு வெளியே பார்த்தவளும்
நான் ஒருத்தி.

மழையா என்று அட்ராக்டாவைக் கேட்டேன்.
கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது.
"இல்லையே, சும்மா ஈரம்" என்றாள்.

கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றிய புல்லுருளைகள்.
எதிரே வரும் டிராக்டருக்கு
ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை உயர்த்துகிறான்
ஓட்டுநர் ஃபாக்ட்னா.
அந்த விரலில் ஒரு வணக்கம், கொஞ்சம் வானிலை,
போன ஞாயிறு தோற்ற ஹர்லிங் ஆட்டம்.

ஒரு நாற்சந்தியில் நின்றோம்.
யாரும் இல்லை.
மூன்று நிமிடம்; அப்போதும் யாரும் இல்லை.
மதிலுக்கும் தேவாலயத்துக்கும் சேர்த்து
எனக்கு இரண்டே மணி நேரம்.
கடிகாரம் பார்த்ததும் நான் மட்டும்தான்.
ஃபாக்ட்னா எஞ்சினை அணைத்தான்,
இறங்கி, வேலிக்கதவு தாண்டிப் போனான்.
திரும்பி வந்து படியில் ஒரு காலை வைத்தபடி,
"அஸம்ப்டாவின் பசு. கன்று திரும்பிக் கிடக்கிறது.
ஒரு கை குறைகிறது."

யார் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை.
பின்வரிசையில் லோர்கன் டோபின் எழுந்தார்.
கோட்டைக் கழற்றினார், மடித்தார், யோசித்தார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.
அட்ராக்டாவின் மடியில் ஒரு கடித உறை:
"பன்னிரண்டுக்குள் தபாலில் போட்டுவிடு."
பஸ் புறப்பட்டது.

மதில் இருந்தது,
எழுநூறு வருடத்துக்கு மேலாக அதே இடத்தில்,
யாரோ சாய்த்துவைத்த சைக்கிளைத் தாங்கிக்கொண்டு.
உயர்காட்டில் காடு இல்லை.
ஆற்றுப் பாலத்தருகே கல்லில் ஒரு பெண்,
விலா எலும்பு தெரிய, கால் அகட்டி,
இரு கையாலும் தன்னைத் திறந்து காட்டியபடி.
காவல் என்பார்கள். எச்சரிக்கை என்பார்கள்.
பிரசவம் என்பாரும் உண்டு.
வெட்கம் அவளுக்கில்லை, எனக்கிருந்தது.
இந்நேரம் லோர்கனின் கை
முழங்கைவரை எங்கே இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

தேவாலயம் பூட்டியிருந்தது.
ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரி சொன்னாள்:
"சாவியா? லோர்கனிடம்.
சாவி பஸ்ஸில் வரும்."
பஸ் வந்துவிட்டது, சாவிதான் வழியில் இறங்கிவிட்டது என்று
பசுவின் கதையைச் சொன்னேன்.
நிறுப்பதை நிறுத்தி,
"முதல் ஈற்றா?" என்றாள்.
தெரியாது என்றேன்.
கடையிலிருந்த மூன்று பேரும்
எழுத்தறியாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

சாவித் துளையில் கண் வைத்துப் பார்த்தேன்.
ஒரு கோடு வெளிச்சம், ஒரு பெஞ்சின் முனை,
கண்ணுக்குள் புகுந்த குளிர்காற்று.
நான் கண்ட தேவாலயம் அவ்வளவு.

திரும்பும்போது நாற்சந்தியில் லோர்கன்.
தொப்பியில் வைக்கோல், சட்டைக் கையெல்லாம் நனைந்து.
பஸ்ஸே பேச்சை நிறுத்தியது.
"கிடாரி" என்றார்.
கைதட்டல் ஒன்றும் இல்லை.
அட்ராக்டா புதினா மிட்டாய் நீட்டினாள்.

அவள்தான் என் பூட்டிய கதவைப் பற்றியும் சொன்னாள்.
கோட்டுப் பையைத் துழாவி
சாண் நீள இரும்பை என் கையில் வைத்தார்,
"ஐயோ, பாவம். அடுத்த வியாழன் வாருங்கள், திறக்கிறேன்."
சனிக்கிழமை விமானம் என்று நான் சொல்லவில்லை.

சாவி சூடாயிருந்தது.
சாணமும் நிணமும் சீம்பாலும் கலந்த வாடை.
அவர் நிறுத்தம் வரும்வரை
விரல் மாற்றி விரல் மாற்றிப் பிடித்திருந்தேன்,
அவரும் கேட்கவில்லை.
இறங்கும்போது கொடுத்தேன்.

அடுத்த வளைவில் எதிரே ஒரு டிராக்டர்.
துடைக்காத கையில்
ஒரு விரலை உயர்த்தினேன்.
அவர் பார்த்தாரோ என்னவோ,
கண்ணாடியெல்லாம் ஈரம்.